ஃப்ரண்ட்எண்ட் கற்க எந்தப் புத்தகம் வாங்கலாம்? சென்னிமலைத் தம்பியின் கேள்விக்கு விரிவான பதில்

சென்னிமலையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கும் கேள்வியைச் சுருக்கிச் சொல்கிறேன். பி.எஸ்சி. கணினி அறிவியல் முடித்தாயிற்று. வீட்டில் பெட்ஷீட் வியாபாரம். கோவையில் ஃப்ரண்ட்எண்ட் வேலைக்கு, அதாவது இணையப் பக்கத்தில் கண்ணுக்குத் தெரியும் பகுதியைக் கட்டும் வேலைக்குப் போக ஆசை. கையில் ஒரு பழைய லேப்டாப், புத்தகத்துக்கென்று ஒதுக்கிய 2,000 ரூபாய். ஆங்கிலம் வாசித்தால் புரியும், ஆனால் மெதுவாகத்தான். "யூடியூப் பார்க்கும்போது எல்லாம் புரியற மாதிரி இருக்குங்க. தனியா உட்கார்ந்தா ஒரு வரி வரமாட்டேங்குது. எந்தப் புத்தகம் வாங்கட்டும்? எல்லா இடத்திலும் ரியாக்ட்தான் கேட்கறாங்க, நேரா ரியாக்ட் புத்தகமே வாங்கிடலாமா?"

ரியாக்ட் புத்தகம் வேண்டாம், தம்பி. இப்போதைக்கு மட்டுமல்ல, பிறகும் வேண்டாம். பக்கத்தின் உள்ளடக்கத்துக்கு எச்டிஎம்எல், தோற்றத்துக்கு சிஎஸ்எஸ், செயல்பாட்டுக்கு ஜாவாஸ்கிரிப்ட், இந்த மூன்றுக்கும் புத்தகம் வைத்துப் படியுங்கள். ஜாவாஸ்கிரிப்டின் மேல் கட்டிய ரியாக்ட், ஆங்குலர், வியூ மாதிரியான கருவிகளை அந்தந்தக் குழுவே நடத்தும் ஆவணத் தளத்தில் படியுங்கள். நான் சரவணம்பட்டிப் பக்கம் ஒரு நிறுவனத்தில் இதே வேலையில் இருக்கிறேன். புதிதாக வருகிற பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதும் என் பொறுப்பு. அவர்கள் எங்கே தடுமாறுகிறார்கள் என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததை வைத்துத்தான் இதைச் சொல்கிறேன்.

ஏன் இப்படிப் பிரிக்கிறேன் என்றால், இந்த இரண்டு வகையும் ஒரே வேகத்தில் பழசாவதில்லை. 1991-ல் டிம் பெர்னர்ஸ்-லீ வெளியிட்ட முதல் வலைப்பக்கத்தை இன்றைய பிரவுசரில் திறந்தாலும் திறக்கிறது. பழைய பக்கம் எதையும் உடைக்கக் கூடாது என்பதில் வலைத் தரங்களை வகுக்கிறவர்கள் பிடிவாதமாக இருக்கிறார்கள். அதனால் எச்டிஎம்எல்லிலும் ஜாவாஸ்கிரிப்டிலும் புதியது சேருமே தவிர, கற்றது வீணாவது குறைவு. ரியாக்டை எடுத்துக்கொள்ளுங்கள். 2013-ல் வெளியானது. 2019 பிப்ரவரியில் ஹூக்ஸ் என்ற புது எழுதும் முறை வந்ததும் அதுவரை கிளாஸ் வைத்து எழுதிய முறையே மாறிப்போனது. 2023-ல் ஆவணத் தளத்தையே புதிதாக எழுதினார்கள். புது ப்ராஜெக்ட் தொடங்க பல புத்தகங்கள் சொல்லிக்கொடுத்த 'கிரியேட் ரியாக்ட் ஆப்' என்ற கருவியை 2025 பிப்ரவரியில் அவர்களே கைவிட்டுவிட்டார்கள். நீங்கள் வாங்கும் புத்தகத்தின் முதல் அத்தியாயத்தில் அந்தக் கட்டளை இருந்தால், முதல் நாளே எச்சரிக்கை வரும், எங்கே தவறு என்று தெரியாமல் இரண்டு நாள் போகும். புத்தகம் எழுதி, திருத்தி, அச்சாகி, நம் ஊர்க் கடைக்கு வருவதற்குள் ரியாக்ட் ஒரு சுற்று சுற்றிவிடுகிறது. அந்த ஆவணத் தளமோ இலவசம், பயிற்சிகளோடு இருக்கிறது, எழுதியவர்களும் அதை உருவாக்குகிறவர்கள்தான்.

அது சரி, வேலைக்கு ரியாக்ட் கேட்கிறார்களே என்றால், கேட்கத்தான் செய்கிறார்கள். ஆனால் நேர்முகத் தேர்வில் பிள்ளைகள் விழுவது ரியாக்டில் இல்லை. ஒரு அர்ரேயிலிருந்து, அதாவது மதிப்புகளின் பட்டியலிலிருந்து, வேண்டியதை மட்டும் பிரித்தெடுக்கச் சொன்னால் கை நிற்கிறது. ஒரு பெட்டியை நடுவில் நிறுத்தச் சொன்னால் மார்ஜினில் ஏதோ ஒரு எண்ணைப் போட்டுத் தள்ளுகிறார்கள். ஒரு ஃபங்ஷனுக்குள் இருக்கும் வேரியபிள் வெளியே ஏன் தெரியவில்லை என்று கேட்டால் பதில் இல்லை. ரியாக்ட் என்பதே ஜாவாஸ்கிரிப்ட்தான். அடியில் இது இல்லாமல் மேலே அது நிற்காது.

இனி, கடையில் ஒரு புத்தகத்தைக் கையில் எடுத்தால் என்ன பார்க்க வேண்டும் என்பதற்கு வருகிறேன். புத்தகப் பெயர்களைவிட இதுதான் முக்கியம். பெயர்கள் மாறிக்கொண்டே இருக்கும், பார்க்கும் முறை தெரிந்தால் நீங்களே முடிவு செய்துகொள்ளலாம்.

முதலில் அட்டையைத் திருப்பி, பதிப்புரிமை அச்சிட்ட பக்கத்துக்குப் போங்கள். அங்கே இரண்டு ஆண்டுகள் இருக்கும். ஒன்று பதிப்பு வந்த ஆண்டு, இன்னொன்று மறுஅச்சு ஆண்டு. இந்தியாவில் அச்சாகும் மலிவுப் பதிப்புகளில் மறுஅச்சு ஆண்டுதான் கண்ணில் படும். 2022 என்று போட்டிருக்கும், உள்ளே இருப்பது 2011-ல் எழுதிய விஷயமாக இருக்கும். மறுஅச்சில் ஒரு எழுத்துகூட மாறியிருக்காது. பதிப்பு ஆண்டை மட்டும் பாருங்கள். அப்படியே வண்ணத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டில் வண்ணத்தில் வந்த சில புத்தகங்கள் இங்கே கறுப்பு வெள்ளையில் வருகின்றன. ஜாவாஸ்கிரிப்டுக்கு அதனால் பெரிய நஷ்டமில்லை. சிஎஸ்எஸ் புத்தகத்தில் வண்ணங்களைப் பற்றிய அத்தியாயம் சாம்பல் நிறத்தில் இருந்தால் என்னத்தைக் கற்பது?

அப்புறம் பின்னால் இருக்கும் சொல்லடைவைத் திறவுங்கள். சிஎஸ்எஸ் புத்தகம் என்றால், பக்கத்தை அமைக்கும் இன்றைய முறைகளான 'கிரிட்', 'ஃப்ளெக்ஸ்பாக்ஸ்' இரண்டையும் தேடுங்கள். கிரிட் 2017 மார்ச்சில் குரோம், ஃபயர்ஃபாக்ஸ், சஃபாரி மூன்றிலும் வந்தது. இவை இரண்டும் பரவுவதற்கு முன்பு பக்கத்தை நெடுக்குப் பத்திகளாகப் பிரிக்கப் பெரும்பாலும் 'ஃப்ளோட்' என்ற பண்பைத்தான் வளைத்து வளைத்துப் பயன்படுத்தினார்கள். படத்தைச் சுற்றி எழுத்து ஓடுவதற்காக வந்த பண்பு அது. அதை வைத்து முழுப் பக்கத்தையும் கட்டியதால், ஒன்றைத் தொட்டால் இன்னொன்று சரிந்து விழும். அந்த விழுவதைத் தடுப்பதற்கென்றே தனி வித்தைகள் இருந்தன. இன்றைக்குக் கற்கிறவர் அந்த வித்தைகளில் ஒரு மாதத்தைக் கழிக்க வேண்டியதில்லை. ஃப்ளெக்ஸ்பாக்ஸுக்கும் கிரிட்டுக்கும் ஆளுக்கொரு முழு அத்தியாயம் இருந்தால் வாங்கலாம். கடைசிப் பக்கங்களில் 'புதிதாக வருபவை' என்ற தலைப்பில் நாலு வரி மட்டும் இருந்தால் வைத்துவிடுங்கள்.

எச்டிஎம்எல்லுக்குச் சோதனை இன்னும் சுலபம். எழுத்தின் நிறத்தை மாற்ற 'ஃபாண்ட்' டேக், நடுவில் வைக்க 'சென்டர்' டேக் என்று சொல்லிக்கொடுத்தால் அது இந்தக் காலத்துப் புத்தகமே இல்லை. 'ஹெடர்', 'நேவ்', 'மெயின்', 'செக்‌ஷன்' போன்ற டேக்குகள் இருக்க வேண்டும். ஃபாரம் பற்றிய அத்தியாயத்தைப் புரட்டி, ஒவ்வொரு கட்டத்துக்கும் 'லேபிள்' போட்டிருக்கிறாரா என்று பாருங்கள். படத்துக்கு மாற்று உரை எழுதச் சொல்கிறாரா என்று பாருங்கள். பார்வையற்ற ஒருவர் திரைவாசிப்பான் வைத்து அந்தப் பக்கத்தைக் கேட்பார் என்ற நினைப்பு ஆசிரியருக்கு இருக்கிறதா இல்லையா என்பது இந்த இரண்டு இடத்தில் தெரிந்துவிடும். அந்த நினைப்பு உள்ளவர் எழுதிய மற்ற அத்தியாயங்களையும் நம்பி வாங்கலாம். இதில் நான் கறாராக இருப்பேன்.

ஜாவாஸ்கிரிப்டுக்கு ஒரே எல்லைக்கோடு 2015. அந்த ஆண்டு ஜூனில் வந்த பதிப்பில்தான் 'லெட்', 'கான்ஸ்ட்', ஆரோ ஃபங்ஷன், பிராமிஸ், மாட்யூல் எல்லாம் மொழிக்குள் முறைப்படி சேர்ந்தன. 'அசிங்க்', 'அவெய்ட்' 2017-ல். ஏதாவது நடுப் பக்கத்தைத் திறந்து பாருங்கள், வேரியபிள் எல்லாமே 'வார்' என்று தொடங்கினால் புத்தகம் பழசு. சர்வரிலிருந்து தகவல் வாங்க 'ஃபெட்ச்' இருக்க வேண்டும். பக்கத்துக்குப் பக்கம் ஜேகுவெரி என்றால் வேண்டாம். ஜேகுவெரி என்ற அந்த ஜாவாஸ்கிரிப்ட் நிரல்தொகுப்பு 2006-ல் வந்து பல வருடம் நன்றாகவே உழைத்தது, பழைய தளங்களில் இன்னும் இருக்கிறது, வேலைக்குச் சேர்ந்தபின் தேவைப்பட்டால் ஒரு வாரத்தில் பழகிக்கொள்ளலாம்.

பாடத்திட்டத்துக்காக எழுதிய 'வெப் டெக்னாலஜி' புத்தகங்கள் உங்கள் அலமாரியிலேயே ஒன்றிரண்டு இருக்கும். அவை தேர்வுக்கு உதவும். ஒரே அட்டைக்குள் எச்டிஎம்எல், எக்ஸ்எம்எல், செர்வ்லெட், பிஎச்பி எல்லாவற்றையும் அடக்க வேண்டியிருப்பதால் எதிலும் நின்று பேச அவற்றுக்கு இடம் கிடையாது. அதிலிருந்து பக்கம் கட்டக் கற்க முடியாது.

இப்போது பெயர்கள்.

எச்டிஎம்எல்லும் சிஎஸ்எஸ்ஸும் சேர்த்துக் கற்க ஜெனிஃபர் ராபின்ஸ் எழுதிய 'லேர்னிங் வெப் டிசைன்' என் முதல் தேர்வு. ஐந்தாம் பதிப்பு 2018-ல் வந்தது. ஃப்ளெக்ஸ்பாக்ஸ், கிரிட் இரண்டும் விரிவாக உண்டு. தடிமனான புத்தகம், பார்த்ததும் மலைப்பாக இருக்கும். ஆனால் ஒன்றுமே தெரியாதவர் கையைப் பிடித்து அழைத்துப் போகிற நடை. ஒவ்வொரு அத்தியாயத்திலும் செய்து பார்க்கப் பயிற்சி இருக்கிறது. அதற்குப் பிந்திய பதிப்பு கைக்குக் கிடைத்தால் அதையே வாங்குங்கள். ஜாவாஸ்கிரிப்ட் பற்றி இதில் கொஞ்சம்தான் இருக்கும், அந்தப் பகுதியை மேலோட்டமாகப் பார்த்தால் போதும்.

ஜான் டக்கெட் எழுதிய 'எச்டிஎம்எல் அண்ட் சிஎஸ்எஸ்' பற்றி நிறையப் பேர் சொல்லியிருப்பார்கள். கண்ணுக்கு அவ்வளவு அழகான கணினிப் புத்தகம் வேறு நான் பார்த்ததில்லை. ஒரு பக்கத்தில் ஒரே ஒரு விஷயம், பெரிய எழுத்து, வண்ணப் படம். ஆங்கிலம் மெதுவாக வருகிறவருக்கு அந்த வடிவமே பெரிய உதவி. குறை அதன் வயதில் இருக்கிறது. 2011-ல் வந்தது. பக்க அமைப்பு முழுக்க ஃப்ளோட்டில்தான். வீடியோ அத்தியாயத்தில் ஃப்ளாஷ் சொல்லிக்கொடுக்கிறது, அந்த ஃப்ளாஷ் 2020 டிசம்பரோடு முடிந்தே போனது. அதனால் காசு கொடுத்துப் புதிதாக வாங்க வேண்டாம். யாராவது சும்மா கொடுத்தால், உக்கடம் பழைய புத்தகக் கடையில் மலிவாகக் கிடைத்தால், எடுத்துக்கொள்ளுங்கள். எச்டிஎம்எல் அத்தியாயங்களையும், சிஎஸ்எஸ்ஸில் நிறம், எழுத்து, பெட்டி பற்றிய அத்தியாயங்களையும் படியுங்கள். பக்க அமைப்பு அத்தியாயம் வந்ததும் மூடிவிட்டு ராபின்ஸிடம் போய்விடுங்கள்.

ஜாவாஸ்கிரிப்டுக்கு மாரைன் ஹாவர்பெக் எழுதிய 'எலக்வென்ட் ஜாவாஸ்கிரிப்ட்'. நான்காம் பதிப்பு 2024-ல் வந்திருக்கிறது. ஆசிரியரே தன் தளத்தில் முழுப் புத்தகத்தையும் இலவசமாக வைத்திருக்கிறார். அந்தத் தளத்தில் கோட் வரிகளை அங்கேயே மாற்றி ஓட்டிப் பார்க்கவும் முடியும். இதற்கு நீங்கள் ஒரு ரூபாய்கூடச் செலவழிக்க வேண்டாம்.

ஆனால் இந்தப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து வரிசையாகப் படித்தவர்கள் பாதியில் விடுவதை நிறையப் பார்த்திருக்கிறேன். அது படிக்கிறவர் குறையல்ல. ஆசிரியர் மொழியை முழுதாகச் சொல்லிவிட்டுப் பிறகுதான் பிரவுசருக்கு வருகிறார், அது வருவதே பதின்மூன்றாம் அத்தியாயத்தில். அதுவரை திரையில் ஒன்றும் அசையாது. வலைப்பக்கம் செய்ய வந்தவருக்குப் பொறுமை போய்விடுகிறது. அதனால் இப்படிப் படியுங்கள்: முதல் நான்கு அத்தியாயம் வரிசையாக. இரண்டாம் அத்தியாயத்தின் கடைசியில் முக்கோணம் அச்சிடுவது, ஃபிஸ்பஸ், சதுரங்கப் பலகை என்று மூன்று பயிற்சிகள் இருக்கும், மூன்றையும் விடை பார்க்காமல் செய்தால்தான் அடுத்ததுக்குப் போக வேண்டும். நான்காவதில் அணிலாக மாறுகிற ஒருவன் கதை வரும், அதில் ஒரு புள்ளியியல் சூத்திரம் இருக்கிறது. அந்தக் கணக்கு பிடிபடவில்லை என்றால் தாண்டிவிடுங்கள். அர்ரேயும் ஆப்ஜெக்டும் எப்படிக் கையாளப்படுகின்றன என்பது மட்டும் போதும். அங்கிருந்து நேராக பதின்மூன்று, பதினான்கு, பதினைந்துக்குத் தாவுங்கள். பிரவுசர், பக்கத்தின் மரம் போன்ற அமைப்பு, கிளிக் மாதிரியான நிகழ்வுகள் எல்லாம் அங்கே இருக்கின்றன. கையால் ஒரு பட்டனை உயிரோடு ஓடவைத்த பிறகு, திரும்பி வந்து ஐந்தாவதைப் படியுங்கள். 'மேப்', 'ஃபில்டர்', 'ரெட்யூஸ்' அங்கேதான். அப்போது அது எதற்கென்று தெரிந்து படிப்பீர்கள். பதினொன்றாம் அத்தியாயம், காத்திருந்து வாங்கும் வேலைகளைப் பற்றியது, கடினம். இரண்டு முறை படிக்காமல் யாருக்கும் விளங்காது, அவசரப்பட வேண்டாம்.

கைல் சிம்ப்சனின் 'யூ டோன்ட் நோ ஜேஎஸ்' வரிசையும் இணையத்தில் இலவசம். அது தொடக்கத்துக்கு அல்ல. ஹாவர்பெக்கை ஒரு சுற்று முடித்தபின், ஒரு வேரியபிள் எங்கெங்கே தெரியும் என்று விளக்கும் ஸ்கோப், க்ளோஷர் பற்றிய பகுதியை மட்டும் எடுத்துப் படித்தால் நேர்முகத் தேர்வில் தெளிவாகப் பேசலாம். டேவிட் ஃப்ளனகனின் 'ஜாவாஸ்கிரிப்ட்: தி டெஃபினிட்டிவ் கைட்' ஏழாம் பதிப்பு, 2020, நல்ல புத்தகம்தான். ஆனால் தேடிப் பார்ப்பதற்கானது, உட்கார்ந்து கற்பதற்கானது அல்ல. வேலை கிடைத்து முதல் சம்பளம் வந்தால் வாங்கிக்கொள்ளலாம். டக்ளஸ் கிராக்ஃபோர்டின் 'தி குட் பார்ட்ஸ்' மெலிந்த புத்தகம் என்பதால் பலர் ஆசையாக எடுக்கிறார்கள். 2008-ல் வந்தது அது. அவர் எச்சரித்த பல குழிகளை மொழியே பிறகு மூடிவிட்டது.

சிஎஸ்எஸ்ஸில் ஆழமாகப் போக ஒரே ஒரு பெயர் சொல்கிறேன், கீத் கிரான்ட்டின் 'சிஎஸ்எஸ் இன் டெப்த்', இரண்டாம் பதிப்பு, 2024. ஒரே இடத்துக்கு இரண்டு விதிகள் போட்டி போட்டால் எது ஜெயிக்கும், ஏன் ஜெயிக்கும் என்பதை முதல் அத்தியாயத்திலேயே எடுத்துக்கொள்கிறது. 'சிஎஸ்எஸ் சொன்னபடி கேட்கமாட்டேன் என்கிறது' என்று புலம்புகிறவர்களில் பெரும்பாலோர் அந்த ஒரு விஷயத்தைக் கற்காதவர்கள். இது ஆறு மாதம் கழித்து.

எந்தப் புத்தகத்திலும் இல்லாத புதியவைக்கு எம்டிஎன் தளம் இருக்கிறது. ஃபயர்ஃபாக்ஸ் தயாரிக்கும் மொசில்லாவினுடையது. சுற்றியுள்ள பெட்டியின் அளவுக்கேற்பத் தோற்றத்தை மாற்றும் கன்டெய்னர் குவெரி, சிஎஸ்எஸ்ஸிலேயே உள்ளடுக்கி எழுதும் வசதி எல்லாம் 2023-ல் வந்தவை, 2018 புத்தகத்தில் தேடக் கூடாது. அந்தத் தளத்தில் ஒவ்வொரு பண்பின் பக்கத்திலும் அது எல்லா முக்கிய பிரவுசர்களிலும் எப்போதிலிருந்து ஓடுகிறது என்று மேலேயே போட்டிருப்பார்கள். அதைப் பார்க்கும் பழக்கத்தை இப்போதே ஏற்படுத்திக்கொள்ளுங்கள்.

ஆங்கிலம் பற்றிச் சொன்னீர்கள். கோவையில் எனக்குத் தெரிந்த நல்ல டெவலப்பர்கள் பலர் தமிழ்வழியில் படித்து வந்தவர்கள். தொழில்நுட்பப் புத்தகத்தின் ஆங்கிலம் கதைப் புத்தகத்தின் ஆங்கிலத்தைப் போல் விரியாது. அதே சொற்கள்தான் திரும்பத் திரும்ப வரும். முதல் மூன்று அத்தியாயம் திணறும், நாலாவதில் வேகம் வந்துவிடும். அந்த மூன்றைத் தாண்ட ஒரு வழி உண்டு. 2012-லிருந்து நடக்கும் தமிழ்க் கணினி இதழான கணியம், 'எளிய தமிழில்' என்ற வரிசையில் எச்டிஎம்எல்லுக்கும் சிஎஸ்எஸ்ஸுக்கும் இலவச மின்னூல் வெளியிட்டிருக்கிறது. ஒரு தலைப்பை முதலில் அதில் தமிழில் வாசியுங்கள், பிறகு அதே தலைப்பை ராபின்ஸில் வாசியுங்கள். என்ன சொல்லப்போகிறார் என்று முன்பே தெரிந்தால் ஆங்கில வாக்கியம் மிரட்டாது. மேலே சொன்ன வயதுச் சோதனை இந்த நூல்களுக்கும் பொருந்தும். அடிப்படைக்கு அவை, புதுமுறைகளுக்கு ராபின்ஸும் எம்டிஎன்னும்.

இப்போது உங்கள் முக்கியமான புகாருக்கு வருகிறேன். வீடியோ பார்க்கும்போது புரிகிறது, தனியாக வரவில்லை என்றீர்களே. பக்கத்து வீட்டில் ஒருவர் தறி ஓட்டுவதை எத்தனை நாள் பார்த்தாலும் நாடா நம் கைக்கு வராது. புத்தகம் வாங்கினாலும் வெறுமனே வாசித்தால் இதே கதிதான். புத்தகத்தை இடப்பக்கம் வைத்து, கோட் வரிகளை எழுத்தெழுத்தாகத் தட்டுங்கள். காப்பி செய்து ஒட்டவே கூடாது. ஓடியதும் அதைக் கெடுத்துப் பாருங்கள். ஒரு அடைப்பை எடுத்தால் என்ன பிழை வருகிறது, ஒரு எண்ணை மாற்றினால் எது நகர்கிறது. எஃப்12 அழுத்தினால் பிரவுசரின் டெவ்டூல்ஸ் திறக்கும், அதில் ஒவ்வொரு பெட்டியின் அளவையும் பார்க்கலாம், அங்கேயே மாற்றலாம். மறுநாள் காலையில் புத்தகத்தைத் திறக்காமல் அதே உதாரணத்தை மீண்டும் எழுதுங்கள். எந்த இடத்தில் கை நிற்கிறதோ அதுதான் இன்னும் கற்காதது. அந்தப் பக்கத்தை மட்டும் திரும்பப் படித்தால் போதும். ஏஐயிடம் கேட்டு எழுதி வாங்குவதை இந்தக் கட்டத்தில் தள்ளிவையுங்கள். பிழைச் செய்தி ஏன் வந்தது என்று விளக்கம் கேளுங்கள், விடையை எழுதித் தரச் சொல்லாதீர்கள்.

ஒவ்வொரு அத்தியாயம் முடிந்ததும் புத்தகத்தின் உதாரணத்தை விட்டுவிட்டு உங்கள் கடைக்கு அதைச் செய்யுங்கள். புத்தகத்தில் காபிக் கடை, பேக்கரி என்று வரும். உங்கள் வீட்டில் நிஜமான சரக்கு இருக்கிறது. 60×90 பெட்ஷீட், இரட்டைக் கட்டில் அளவு, கரை, நிறம், விலை. அட்டவணை அத்தியாயம் முடிந்தால் விலைப்பட்டியல். ஃபாரம் முடிந்தால் மொத்த ஆர்டர் கேட்கும் படிவம். கிரிட் முடிந்தால் சரக்குப் படங்களின் வரிசை. ஜாவாஸ்கிரிப்ட் வந்தால் அளவைத் தேர்ந்தெடுத்ததும் விலை மாற வேண்டும்.

அதைத் தமிழில் செய்யுங்கள் என்பதை அழுத்திச் சொல்கிறேன். ஆங்கிலப் புத்தகம் எதுவும் கற்றுத் தராத பாடங்கள் அப்போதுதான் வந்து சேரும். டிடிபி சென்டரில் பாமினி மாதிரியான பழைய எழுத்துருவில் அடித்து வைத்த பட்டியலை அப்படியே ஒட்டினால் பக்கத்தில் ஆங்கில எழுத்துகளாகக் கொட்டும். யூனிகோடுக்கு மாற்றித்தான் போட வேண்டும், பக்கத்தின் தலைப்பகுதியில் யூடிஎஃப்-8 என்று அறிவிக்கவும் வேண்டும். பக்கத்தின் மொழி தமிழ் என்று 'லாங்' பண்பில் குறித்தால்தான் திரைவாசிப்பான் தமிழ்க் குரலில் படிக்க முனையும். ஆங்கிலத்துக்குச் சொன்ன வரி உயரம் நமக்குப் போதாது. எழுத்தின் மேலே வரும் விலங்கும் கீழே வரும் சுழியும் பக்கத்து வரியோடு இடிக்கும், கொஞ்சம் கூட்டிப் பாருங்கள். பட்டனுக்கு அகலத்தை எண்ணில் கட்டிவைத்து, உள்ளே 'கோபிச்செட்டிபாளையத்திலிருந்து' என்று போட்டுப் பாருங்கள். போனில் வெளியே வழியும். அகலத்தை விட்டுவிட்டு உள்ளிடைவெளி கொடுக்க வேண்டும் என்பதை அந்த ஒரு சொல் கற்றுத் தந்துவிடும்.

ஜாவாஸ்கிரிப்டிலும் இப்படி உண்டு. 'கொங்கு' என்ற சொல்லின் நீளத்தைக் கேட்டால் 6 என்று சொல்லும். நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. மெய், உயிர்க்குறி, புள்ளி எல்லாவற்றையும் அது தனித்தனியாக எண்ணுகிறது. நாம் பார்க்கிறபடி எண்ண 'இன்ட்ல் செக்மென்ட்டர்' (Intl.Segmenter) என்று ஒன்று இருக்கிறது. பல்லடம், பவானி, பழனி, பள்ளிபாளையம் என்று டெலிவரி ஊர்களை அகரவரிசையில் அடுக்கச் சொல்லுங்கள். வரிசைப்படுத்தும் 'சார்ட்' (sort) மட்டும் போட்டால் பள்ளிபாளையம் இரண்டாவதாக வந்துவிடும், பவானி கடைசிக்குப் போய்விடும். யூனிகோடு எண் வரிசையில் லகரத்துக்கு அடுத்து ளகரம், ழகரம், அப்புறம்தான் வகரம். 'லோகேல் கம்பேர்' என்பதில் தமிழ் என்று குறிப்பிட்டால் நம் அரிச்சுவடி வரிசைக்கு வந்துவிடும். நேர்முகத் தேர்வில் ஒருவர் இதைத் தானாகக் கண்டுபிடித்துச் சரிசெய்தேன் என்று சொன்னால் நான் அவரிடம் சான்றிதழ் எதுவும் கேட்கமாட்டேன்.

பணத்துக்கு வருவோம். ராபின்ஸ் ஒன்றைத் தவிர எதுவும் வாங்க வேண்டாம். வாங்கும் முன் கோவை ஆர்.எஸ்.புரத்தில் இருக்கும் மாவட்ட மைய நூலகத்தையும், உங்களுக்குப் பக்கமான ஈரோட்டு மாவட்ட நூலகத்தையும் ஒருமுறை பாருங்கள். கணினி வரிசையில் பழையதும் புதியதும் கலந்திருக்கும், சோதனை முறை இப்போது உங்களுக்குத் தெரியும். அவசரமில்லை என்றால் கொடிசியா வளாகத்தில் நடக்கும் கோவைப் புத்தகத் திருவிழா, ஈரோட்டுப் புத்தகத் திருவிழா இரண்டும் இருக்கின்றன. அங்கே தமிழ்ப் புத்தகங்கள்தான் அதிகம் என்றாலும், ஆங்கிலத் தொழில்நுட்பப் புத்தகக் கடைகளில் நின்று நிதானமாகப் புரட்டிப் பார்க்கலாம், பத்து சதவீதம் தள்ளுபடியும் கிடைக்கும். புத்தகத்தின் திருட்டு பிடிஎஃப் வாட்ஸ்ஆப்பில் வரும். ஹாவர்பெக், சிம்ப்சன், எம்டிஎன், கணியம் எல்லாம் அவர்களே மனமுவந்து இலவசமாகக் கொடுத்தவை. அவ்வளவு இருக்கும்போது அது தேவையில்லை. மிச்சப் பணத்தை நெட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ராபின்ஸின் சிஎஸ்எஸ் பகுதியையும் ஹாவர்பெக்கின் பதினைந்தாம் அத்தியாயத்தையும் முடித்ததும், கடைப் பக்கத்தை கிட்ஹப் பேஜஸ் என்ற சேவையில் ஏற்றி இணையத்தில் விடுங்கள், அதற்குக் காசு கிடையாது. அப்பாவின் போனில் திறந்து கொடுங்கள், கடைக்கு வருகிற இரண்டு வியாபாரிகளிடமும் கொடுங்கள். அவர்கள் எங்கே விரலை வைத்துத் தடுமாறுகிறார்கள், எது திரைக்கு வெளியே போகிறது, எந்தப் படம் வரத் தாமதமாகிறது என்று எழுதிக்கொண்டு பக்கத்தின் முகவரியோடு எனக்கு அனுப்புங்கள். அடுத்து எந்தப் புத்தகம், அல்லது ரியாக்ட் ஆவணத்துக்குப் போகலாமா என்பதை அந்தப் பட்டியலைப் பார்த்துச் சொல்கிறேன்.